மானியப் புல்

போன வாரம் என் மகனுக்கு உர மானியம் வந்தது. கைப்பேசி ஒரு தடவை டிங் என்றது, அவ்வளவுதான். யாரும் வரவில்லை, யாரும் காணியைப் பார்க்கவில்லை, நானும் யாருக்கும் நாற்காலி துடைத்துப் போடவில்லை. மருமகள் செய்தியை வாசித்துவிட்டு, “மாமி, காசு வங்கியில விழுந்துருச்சாம்” என்றாள். விழுந்தது எனக்குக் கேட்கவே இல்லை.

லயத்து வரிசை வீட்டில் பிறந்து, மலைப் பீலியில் கொட்டுகிற தண்ணீரில் குளித்து வளர்ந்து, இப்போது காலையில் ஒன்றும் ராத்திரியில் இரண்டுமாக மாத்திரை விழுங்கிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால் “அதுக்கு என்ன இப்ப?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நம் காலத்தில் மானியம் மோட்டார் சைக்கிளில் வந்தது. பச்சை மழைக்கோட்டும், பொலித்தீன் உறையில் சுற்றிய ஒரு கோப்பும், காதில் செருகிய பென்சிலுமாக வந்தது. வந்தால் இறங்குமா, இறங்காமலே திரும்பிவிடுமா என்று குடும்பமே ரோட்டில் நின்று பார்க்கும்.

இந்தக் கதை நடந்த வருடம் எனக்குப் பத்து வயது. நாங்கள் ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியை மட்டம் பார்த்து வெட்டிவிடுவதில் அவர் கைக்குப் பேர் இருந்தது. அம்மா கொழுந்து பறிப்பவள். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, அதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. அதாவது எங்கள் வீட்டிலும் அவர் கங்காணிதான். அடுப்பில் குழம்பு கொதித்தால்கூட ‘ஏன் இன்னும் எறக்கல’ என்று கேட்கிற ரகம்.

பிரஜாவுரிமைக் கடுதாசி கைக்கு வந்த பிறகு அப்பா வாங்கிய முதல் பொருள் ஒரு நிலம். தோட்டத்தின் கடைசித் தேயிலை மலைக்கும் சிங்களக் கிராமத்துக்கும் நடுவில், ரோட்டுக்குக் கீழே சரிந்து கிடந்த அரை ஏக்கர். இரண்டு பசுமாடு, அம்மாவின் கழுத்துச் சங்கிலி, தன்னுடைய பத்து வருடத்துப் பீடி, எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலம் ஆனது என்று அவர் சொல்வார். பீடியை அவர் உண்மையாகவே விட்டிருந்தார். நிலத்தில் நின்ற தேயிலையோ கிழடு. பத்துச் செடியில் நாலுக்கு உயிரில்லை, மற்றது பூத்துக் காய்த்து மரமாகப் போயிருந்தது.

அப்போதுதான் தேயிலை மாத்தயா முதல் தடவையாக வந்தார். மானியத்துக்காகக் காணி பார்க்க வருகிற அரசாங்க உத்தியோகத்தரை நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம், மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. சிங்களவர். தமிழில் ‘கொஞ்சங் கொஞ்சம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சுத்தமாகச் சொல்வார். நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னது நான். கீழே ஓடையோரம் இருந்த கொய்யா மரத்தில், கிராமத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த சிங்களம் என்னுடையது. அதில் திட்டு மட்டும் தடங்கலில்லாமல் வரும். மற்றதெல்லாம் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

அவர் சொன்னது இவ்வளவுதான். கிழட்டுத் தேயிலையை வேரோடு கிளப்பிவிட வேண்டும். மண் சத்தில்லாமல் கிடக்கிறது, அதனால் ஆள் உயரத்துக்கு வளர்கிற ஒரு புல்லை நட்டு ஒன்றரை வருடம் விட்டு வைக்க வேண்டும். அதற்குப் பிறகு புதுக் கன்று. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அரசாங்கம் ஒரு பங்கு மானியம் தரும். அவர் வந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் அந்தப் பங்கு கிடைக்கும். அப்பா தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அலவாங்குக் கம்பி போட்டுத் தேயிலையைக் கிளப்பிய நாட்களை என்னால் மறக்க முடியாது. ஒவ்வொரு செடியின் அடியிலும் என் இடுப்பளவு வேர். மண் வாசமும் வெட்டிய வேரின் கசப்பு வாசமும் வீட்டுக்கு வந்த பிறகும் அப்பாவின் சட்டையை விட்டுப் போகாது. முதல் பங்கு மானியம் வந்ததும் தண்ணீர் வடிவதற்குக் கான் வெட்டினார், சரிவில் கல் அடுக்கினார். லொறியில் புல் தூர்கள் வந்து இறங்கின. குவாத்தமாலாப் புல் என்று பெயராம். வாயில் நுழைகிற பெயரா அது? லயத்தில் அதற்கு மானியப் புல்லு என்று பெயராகிவிட்டது.

தோட்டத்தில் புல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிரையில் இரண்டு புல் நின்றால் அரைநாள் பேரும் அதற்கான சம்பளமும் போய்விடும். நம் அம்மாக்களின் முதுகு வளைந்ததே புல்லைச் சுரண்டிச் சுரண்டித்தான். அப்படிப்பட்ட சனத்துக்கு நடுவில் ஒருவன் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புல் நட்டால் சும்மா விடுவார்களா? காலையில் பேர் போடுகிற பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பிரித்துவிடும்போது, தோட்டமே கேட்கப் பெரியப்பா சொன்னார்.

“தேயிலையப் புடுங்கிட்டுப் புல்லு நட்டவன், இந்த ஒலகத்துலயே என் தம்பி ஒருத்தன்தான்யா!”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். சாயங்காலம் அப்பாவிடம் அதைக் கொட்டித் தீர்த்தாள்.

“ஊரு ஒலகம் புல்ல வெட்டி எறியுது. நாம மட்டும் அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறோம். மானம் போவுதுங்க.”

“ஒன்றர வருசம் பொறு புள்ள. அப்புறம் பாரு.”

எனக்கு மட்டும் அந்தப் புல்லைப் பிடித்திருந்தது. ஒரு வருடத்தில் அப்பாவுக்கு மேலே போய்விட்டது. ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியில் யார் கூப்பிட்டாலும் கேட்காது. தண்டை ஒடித்தால் லேசான கரும்பு வாசம் வரும். இலையின் விளிம்பு மட்டும் அரிவாள்தான். கையிலும் கழுத்திலும் கோடு கோடாகக் கீறிவிடும், வேர்வை பட்டால் எரியும்.

புரட்டாசி பாதியில் கடிதம் வந்தது. ஹாலிஎல பஸாரில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா வாசித்துச் சொன்னார். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாத்தயா பார்வையிட வருகிறார், எல்லாம் சரியாக இருந்தால் இரண்டாம் பங்கு. அப்பாவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். புல்லுக்குப் பிறகு நடப்போகும் கன்றுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமையே பூனாகலைப் பக்கம் ஒரு நாற்றுமேடை பார்க்கப் புறப்பட்டுவிட்டார். வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை மத்தியானம் பெரியப்பா எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றார்.

“நாளைக்குப் பெரியவரு வர்றாராமே?”

“ஆமாங்க. பத்து மணிக்கு.”

“நெலத்த இந்தக் கோலத்துல வச்சுக்கிட்டா?”

அம்மா தயங்கினாள். “அது மானியத்துக்கு நட்ட புல்லுங்க. அதத்தான் பாக்க வர்றாங்கன்னு அவரு சொன்னாரு.”

“நட்டத யாரு இல்லேன்னா? கீழ நிக்கட்டும். கேட்டா காட்டிக்கலாம். ரோட்டுல வந்து நிக்கிறவன் கண்ணுக்கு மொதல்ல என்னா தெரியும்? ஆளு ஒசரப் புல்லுதான் தெரியும். எத்தன தொரைக்கு நான் மலை காட்டியிருக்கேன்! ரோட்டோரம் சுத்தமா இருந்துச்சுன்னா ஒருத்தன் உள்ள எறங்க மாட்டான். எழுதிக் குடுத்துட்டுப் போய்ட்டே இருப்பான்.”

சிரிக்காதீர்கள். நம் தோட்டங்களில் வேறென்ன நடந்தது? கொழும்பிலிருந்து பெரிய துரை வருகிறார் என்றால் முதல் நாள் என்ன செய்வோம்? அவருடைய கார் போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் புல் சுரண்டி, கான் வழித்து, கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்போம். லயத்துக் கூரை ஒழுகினால் ஒழுகட்டும், ரோட்டோரம் பளிச்சென்று இருக்க வேண்டும். அம்மா அந்தப் பாடத்தைப் பன்னிரண்டு வயதிலிருந்து படித்தவள். அன்று அவள் யோசித்த நேரம், அடுப்பில் ஒரு விறகைத் தள்ளுகிற நேரம்தான்.

மத்தியானக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்த கையோடு அம்மா, பெரியம்மா, இன்னும் நாலு பேர், கூட நான். சொரண்டியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பது தெரிந்த கைகள் அல்லவா, எல்லாவற்றையும் தூரோடு பிடுங்கினோம். அரைகுறை வேலை எங்கள் லயத்தில் யாருக்கும் வராது. ரோட்டை ஒட்டிய மேல் பாதி முழுக்க வெறும் செம்மண்ணாகிவிட்டது. பிடுங்கிய தூர்களை ஓடையோரம் கொண்டுபோய்க் குவித்தோம். மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினோம். பெரியம்மா எங்கிருந்தோ ஒரு வாளி சுண்ணாம்பு கொண்டுவந்து, அப்பா அடுக்கிய கற்களுக்கு ஒவ்வொன்றாக அடித்தாள். பொழுது சாயும்போது அம்மா ரோட்டில் ஏறி நின்று பார்த்தாள். கையெல்லாம் கீறல், முகத்தில் அப்படியொரு பெருமை.

“இப்பத்தான் இது ஒரு நெலம் மாதிரி இருக்கு” என்றாள்.

மறுநாள் காலை அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வளைவில் திரும்பியவர், அப்படியே நின்றுவிட்டார். தோளில் மாட்டியிருந்த பை நழுவி முழங்கைக்கு வந்தது. அம்மா சிரித்துக்கொண்டே ஓடினாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

மாத்தயா வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. ஒரு காலை ரோட்டில் ஊன்றிக்கொண்டு சுண்ணாம்புக் கற்களைப் பார்த்தார், செம்மண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“யார் இதைச் செய்தது?” என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அம்மா பாராட்டு வரப் போகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா அவளை ஒரு தடவை பார்த்தார்.

“நான்தான்னு சொல்லு” என்றார் என்னிடம்.

நான் முழித்தேன்.

“சொல்லு புள்ள. அப்பாதான் புடுங்குனாருன்னு சொல்லு.”

சொன்னேன். என் அப்பா வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய்யை ஒரு அரசாங்க உத்தியோகத்தரிடம் சிங்களத்தில் எடுத்துச் சொன்னவள் நான். அதற்குப் பிறகு மாத்தயா பேசியதில் பாதி எனக்குக் கொய்யா மரத்திலேயே பழக்கமான வார்த்தைகள். உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். இரண்டு மூன்று வாரத்தில் மழை இறங்கப் போகிறது, இந்தச் சரிவில் இருக்கிற மண் முழுக்க ஓடைக்குப் போய்விடும் என்றார். தை மாதத்துக்கு முன்னால் திரும்பி வருவேன், அப்போதும் நிலம் மூடாமல் கிடந்தால் கோப்பை மூடிவிடுவேன், முதலில் வாங்கிய பங்கையும் திருப்பிக் கட்ட வேண்டும் என்றார். கோப்பைத் திறக்காமலே உறைக்குள் சொருகிக்கொண்டு போய்விட்டார்.

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

“திருப்பிக் கட்டணுமா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்தப் பணம் ஏது? அது கானாகவும் கல்லாகவும் நிலத்தில் கிடந்தது. தோண்டி எடுத்துக் கொடுக்கவா முடியும்? நிலத்தை விற்றால்தான் உண்டு. கிளப்பிய தேயிலையும் திரும்பி வராது. விற்றுவிட்டால் எங்களுக்குக் கடைசி வரை லயத்தில் ஒரு காம்பரா அறையும், பெரட்டில் இரண்டு பேரும், அவ்வளவுதான். அது பத்து வயதில் எனக்கே விளங்கியது. அன்று வீட்டில் அடுப்புப் பற்றவில்லை.

அப்பா திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கோழை என்றுகூட நினைத்தேன். பெரியப்பாவைப் போய் நாலு கேள்வி கேட்க வேண்டியதுதானே? அம்மாவை ஒரு சத்தம் போட வேண்டியதுதானே? வண்டியை விட்டு இறங்காமலே போன அந்த மாத்தயாவையோ நான் பல வருடம் வெறுத்தேன். தோட்டத்துச் சனம் என்றால் இளக்காரம், அதனால்தான் இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அவர் அன்றைக்கே கோப்பை மூடியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மூடவில்லை, மூன்று மாதம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் காதில் ‘மூடிவிடுவேன்’ விழுந்தது, ‘திரும்பி வருவேன்’ விழவில்லை. அதற்கும் எங்களைச் சொல்லிக் குற்றமில்லை. லயத்துக்குக் கடுதாசியோடு வந்தவர்கள் அதுவரை எதற்கு வந்தார்கள்? தலையை எண்ண வந்தார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்படுகிறவர் யார், இங்கே நிற்கிறவர் யார் என்று பிரிக்க வந்தார்கள். பேர் வெட்ட வந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரர்கள் அப்படித்தான் சட்டி பானையோடு ரயில் ஏறினார்கள். ஒரு மனுசன் கையில் கோப்போடு, கொடுப்பதற்காக வருவான் என்பது அம்மாவின் புத்திக்கு எட்டியிருக்குமா? குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருகிறான், கண்டுபிடிக்க விடக்கூடாது, அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

ஓடையோரம் குவித்த தூர்கள் அடுத்த நாள் காலையிலேயே வாடிச் சுருண்டிருந்தன. அப்பா ஒன்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

“வேரு சாவல. மழை வர்ற வரைக்கும் ஈரம் காயாம வச்சிருந்தா பொழைக்கும்” என்றார்.

மழைக்கு முன்னால் நட்டால் வெயில் காய்ச்சலில் கருகிவிடும். மழை இறங்கிய பிறகு நட்டால் மண் நமக்காகக் காத்திருக்காது. சரியாக அந்தச் சந்தில் நட வேண்டும். அதுவரை தூர்களை உயிரோடு வைத்திருக்கிற வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். குவியலின் மேல் பழைய சாக்குகளைப் போட்டு மூடினாள். தினமும் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் ஓடைக்கு இறங்குவாள். அவளிடம் ஒரு தகர வாளி, கைப்பிடிக்குப் பதில் முள்ளுக்கம்பி முறுக்கியது. என்னிடம் மூக்கு உடைந்த கேத்தல். அந்த வாளி இப்போது எங்கே போனதோ தெரியவில்லை, அந்தக் கம்பி அழுத்திய தடம் அம்மாவின் வலது உள்ளங்கையில் கடைசி வரை இருந்தது. நானும் அவளும் அந்த நாட்களில் பேசிக்கொண்டதே குறைவு. ஊற்றுவோம், சாக்கை மூடுவோம், ஏறுவோம்.

ஒரு நாள் சாக்கைத் தூக்கியவள் அப்படியே குந்திவிட்டாள்.

“ஏ புள்ள, இங்க வா! வா! இத பாரு!”

தூரின் கணுவில் சோற்றுப் பருக்கை அளவில் வெள்ளை வேர். பக்கத்திலேயே பச்சை முனை. அம்மா ஒவ்வொரு தூராகப் புரட்டினாள், ஒவ்வொன்றிலும் இருந்தது. புல் முளைத்ததற்காக ஒரு தோட்டத்துப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன்.

பெரியப்பா இரண்டு வாரமாக எங்கள் பக்கமே வரவில்லை. பெரட்டுக் களத்தில் அம்மாவின் பேரைக் கூப்பிடும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு கூப்பிட்டார். அவர் சொல்லித்தான் பிடுங்கினோம் என்பது லயத்துக்கே தெரியும். அம்மா மட்டும் அதை யாரிடமும் சொல்லவில்லை. ‘கங்காணி சொன்னாரு’ என்ற இரண்டு வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை. நமுனுகுல மலையின் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் நானும் தூர்களை மேலே சுமந்துகொண்டிருந்தோம். மூன்று பேர், அரை ஏக்கரில் பாதி, ஒரு நாள். நடக்கிற காரியமில்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அப்போது ரோட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. பெரியப்பா தலைப்பாகையோடு முன்னால் வந்தார். தோளில் ஒரு கயிறு, அதில் இரண்டடிக்கு ஒரு முடிச்சு. பின்னால் பெரியம்மாவும், அவளோடு பதினைந்து இருபது பேரும் மண்வெட்டி அலவாங்குகளோடு வந்தார்கள்.

மன்னிப்பு என்ற சொல் அவர் பரம்பரையிலேயே கிடையாது. ரோட்டில் நின்றபடியே சத்தம் போட்டார்.

“என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கயிறப் புடி தம்பி! முடிச்சுக்கு ஒரு குழி. நெர கோணுச்சுன்னா அரைப் பேருதான், சொல்லிட்டேன்!”

“ஞாயித்துக்கெழம யாரு பேரு போட்டா, அரைப் பேரு வெட்டுறதுக்கு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், அந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாக.

கங்காணிமார்களை நாம் எவ்வளவோ ஏசியிருக்கிறோம், ஏச வேண்டியதுதான். ஆனால் அன்று அந்த மனுசன் வேலை வாங்கிய அழகை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழி போடுகிறவர்கள் ஒரு நிரை, தூர் வைக்கிறவர்கள் பின்னால் ஒரு நிரை, மண் தள்ளி மிதிக்கிறவர்கள் மூன்றாவது. கயிறு ஒரு தடவைகூடத் தொய்யவில்லை. பெரியம்மா தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுவந்து நிரையிலேயே கொடுத்தாள். ஒரு இடத்தில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பெரியப்பா குனிந்து ஒரு தூரைக் கையாலேயே நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் மண்ணை அணைத்தார். பெரியம்மா பார்த்துவிட்டாள்.

“புல்லு நல்லா வளரணும்னு கங்காணி சாமி கும்புடுற காலமும் வந்துருச்சு!”

“வாய மூடிட்டு வேலயப் பாரு” என்றார். காது சிவந்திருந்தது.

கடைசி நிரை முடிந்தபோது முதல் தூறல் விழுந்தது. யாரும் ஓடவில்லை. ரோட்டில் ஏறி நின்று நனைந்துகொண்டே பார்த்தார்கள்.

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் அம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிலத்துக்கு ஓடுவாள். ஒரு தடவை இரண்டு நிரை மண்ணோடு சரிந்துவிட்டது. அவளும் அப்பாவுமாகத் தூர்களைப் பொறுக்கிக் கொண்டுவந்து மறுபடி நட்டார்கள். மற்றதெல்லாம் பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் என் முழங்கால் வரை, மார்கழியில் என் இடுப்பு வரை. ஒரு வருடத்துக்கு மேலாக வளர்ந்த கீழ்ப் பாதி உயரமாகவும், மேல் பாதி குட்டையாகவும் நின்றதில், பார்க்கிறவர்களுக்கு நடந்த கதை எழுதி ஒட்டியது போலத் தெரியும்.

மார்கழிக் கடைசியில், மூடுபனி கலையாத ஒரு காலையில் மோட்டார் சைக்கிள் வந்தது. இந்தத் தடவை கடிதம் எதுவும் முன்னால் வரவில்லை. பெரட்டுக்குப் போகிற நேரம் என்பதால் பெரியப்பாவும் நாலைந்து பேரும் ரோட்டில் இருந்தார்கள். மாத்தயா வண்டியை நிறுத்தி, மழைக்கோட்டைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டு இறங்கினார். நிலத்தைப் பார்த்தார். கோப்பைப் பிரித்தார்.

அப்பா முன்னால் போக ஒரு அடி வைத்தார். அதற்குள் அம்மா போய்விட்டாள். அதிகாரி யாராவது வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கி நிற்கிறவள், அவர் முன்னால் நேராகப் போய் நின்றாள்.

“மம தமய் கெலெவ்வே” என்றாள். நான்தான் பிடுங்கினேன் என்று அர்த்தம். முந்தின நாளா, முந்தின வாரமா நினைவில்லை, அந்த மூன்று வார்த்தையையும் என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். எதற்குக் கேட்கிறாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. மற்றதைத் தமிழில் சொன்னாள். “அன்னைக்கு அவரு இங்க இல்லவே இல்லைங்க. எனக்காகப் பொய் சொன்னாரு. அவரு மேல எழுதாதீங்க, எழுதுறதுன்னா என் மேல எழுதுங்க.”

பெரியப்பா செருமினார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

நான் சிங்களத்தில் சொல்லி முடித்ததும் மாத்தயா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். மாத்தயா மெதுவாகச் சிரித்தார்.

“அன்றைக்கே தெரியும்” என்றார். “இவ்வளவு சீராகக் கான் வெட்டுகிறவன் புல்லைப் பிடுங்க மாட்டான். யார் நட்டது மறுபடி?”

நான் ரோட்டில் நின்றவர்களைக் காட்டினேன். அவர் எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, காட்டச் சொல்லி அம்மாவிடம் கையைக் காட்டினார். அம்மா புல்லை விலக்கிக்கொண்டு முன்னால் போக, அவர் பின்னால் இறங்கினார். ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. இன்னொன்றை இழுத்தார். சரிந்து மறுபடி நட்ட இரண்டு நிரையையும் அம்மாவே காட்டிக் கொடுத்தாள். கீழே ஓடை வரை போய், தண்ணீரில் மண் கலங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஏறி வந்தபோது இரண்டு பேர் கையிலும் புது இரத்தக் கோடுகள். வண்டியின் இருக்கையில் கோப்பை வைத்துக் கொஞ்ச நேரம் எழுதினார். அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தார். இரண்டாம் பங்கு வரும், கோப்புத் திறந்தே இருக்கும் என்று என்னிடம் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அப்பா அவசரத்தில் போட்ட கையெழுத்துக் கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

மாத்தயா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். அம்மா ரோட்டின் நடுவில், வண்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மாத்தயா, திரும்ப எப்பங்க வருவீங்க?”

கடுதாசியோடு வந்த ஒருவரிடம் எங்கள் லயத்தில் யாரும் கேட்டிராத கேள்வி அது. தமிழில்தான் கேட்டாள். நான் சிங்களத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வண்டியை நிறுத்தினார். பையிலிருந்து டயரியை எடுத்துத் தாள்களைப் புரட்டினார்.

“சித்திர மாசம்” என்றார், தமிழில்.

“வாங்க” என்றாள் அம்மா. “சோறாக்கி வைக்கிறேன். சாப்புட்டுட்டுத்தான் போகணும்.”